அடுப்பங்கரை மொழி அச்சேறிய வரலாறு

ஒரு மொழிக்குப் பெருமை எதனால் வருகிறது? அரசவையில் ஆட்சி செலுத்தியதனாலா, மறைநூல்களைத் தாங்கி நின்றதனாலா, பண்டிதர் நாவில் பயின்றதனாலா? இவை யாவும் மொழிக்குச் சிறப்புத் தருவனவே. ஆயினும், இத்தகைய மதிப்பொன்றும் வாய்க்கப்பெறாமல், கற்றோரால் இகழப்பட்டுக் கிடந்த ஒரு மொழி, இரண்டு தலைமுறைக் காலத்திற்குள் நாளேடுகளும் நாவல்களும் அறிவியல் நூல்களும் உடைய மொழியாக ஓங்கி வளர்ந்தது. அவ்வளர்ச்சியில் பெரும்பங்கு தையற்காரரையும் தோல் பதனிடுவோரையும் சாரும். ஐரோப்பிய யூத மக்கள் பேசிய யித்திஷ் மொழியையே சொல்கிறேன். யூதத் தொழிலாளர் இயக்கம் அம்மொழியில் ஆற்றிய அச்சுப் பணியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் மொழியை அறிந்துகொள்வோம். யித்திஷ் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஜெர்மானிய நிலப்பகுதியில் தோன்றியது. அதன் உடல் ஜெர்மன். அதனுள் எபிரேயச் சொற்களும், யூதர்கள் கிழக்கே போலந்திலும் ருஷ்யாவிலும் குடியேறிய பின்னர்ச் சேர்ந்த ஸ்லாவியச் சொற்களும் விரவிக் கிடக்கின்றன. எழுதுவதோ எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. யூதர்களின் வழிபாட்டு மொழியும் சாத்திர மொழியும் எபிரேயம். வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசிய மொழி யித்திஷ். பழைய யித்திஷ் நூல்கள் பல, 'பெண்களுக்கும், பெண்களைப் போலவே எபிரேயம் கல்லாத ஆடவர்க்கும்' உரியவை என்ற கருத்துடைய முகப்புக் குறிப்போடு வெளிவந்தன. கற்றவர்கள் அம்மொழியை மொழியென்றே மதிக்கவில்லை. 'ஜார்கன்', அதாவது கொச்சை, என்பதே அவர்கள் அதற்கு வழங்கிய பெயர்.

இம்மதிப்பு வேறுபாடு அந்த மொழியின் சொற்களிலேயே பதிந்திருக்கிறது. யித்திஷ் மொழியில் நூலைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. சமய நூல் 'ஸேஃபர்'. இஃது எபிரேயத்திலிருந்து வந்த சொல். மற்றைய நூல் 'புஹ்'. இது ஜெர்மனிலிருந்து வந்த சொல். ஸேஃபருக்கு இருந்த மரியாதை புஹ்ஹுக்கு இருந்ததில்லை. நான் சொல்லப் புகும் வரலாற்றை ஒரு வாக்கியத்தில் சுருக்கினால், உழைப்பாளி தன் கையிலிருந்த புஹ்ஹுக்கும் மரியாதை தேடித் தந்த வரலாறு அது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷ்யப் பேரரசின் மேற்கு மாநிலங்களில் மட்டுமே பெரும்பாலான யூதர்கள் வாழலாம் என்று சட்டம் வகுத்திருந்தனர். 1897-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் அப்பேரரசில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் யித்திஷே தம் தாய்மொழி என்று பதிந்துகொண்டனர். இத்துணைப் பேர் பேசிய மொழியில் ருஷ்யாவில் முதல் நாளேடு வெளிவந்தது எப்போது தெரியுமா? 1903-இல்தான். அதற்கு முன்னர், 1862-இல் ஒடெஸ்ஸா நகரில் அலெக்சாண்டர் ட்ஸெடர்பாம் என்பவர் தம் எபிரேய இதழுக்குத் துணையாக ஒரு யித்திஷ் இதழைத் தொடங்கினார். மெண்டெலெ என்ற புனைபெயரால் புகழ்பெற்ற எழுத்தாளரின் முதல் யித்திஷ் கதை 1864-இல் அதிலேதான் வெளியாயிற்று. ஆனால் அரசு யித்திஷ் இதழ்களுக்கு எளிதில் இசைவு தருவதில்லை.

இந்நிலையில் 1890-ஐ ஒட்டி, லிதுவேனியாவின் வில்னா நகரில் இளைஞர் சிலர் தொழிலாளர்க்குக் கல்வி புகட்ட முற்பட்டனர். சிறு சிறு குழுக்களாகத் தொழிலாளரைக் கூட்டி, முதலில் ருஷ்ய மொழியைக் கற்பித்தனர். அதன் வழியாக இயற்கை அறிவையும் பொருளாதாரத்தையும் சமதர்மக் கொள்கையையும் கற்பித்தனர். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் விளைவு என்ன? நாளெல்லாம் காலுறை பின்னியும் தோல் பதனிட்டும் களைத்துவரும் தொழிலாளருள் ஆயிரத்தில் ஒருவரே அவ்வேணியில் ஏற முடிந்தது. ஏறியவரும் தம் கூட்டத்தாரை விட்டு விலகி நின்றனர். வகுப்பறையில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் இதன் காரணம் எனக்கு நன்கு விளங்குகிறது. புதிய மொழியையும் புதிய பொருளையும் ஒரே வேளையில் கற்பித்தால், மாணவனின் வலிமை முழுவதும் மொழியிலேயே செலவாகிவிடும். பொருள் வாசற்படியிலேயே நின்றுவிடும்.

இக்குறையை அவ்விளைஞர்களே உணர்ந்தனர். ஆர்க்காடி கிரெமெர் என்பவர் எழுத, மார்ட்டாவ் என்பவர் செப்பம் செய்த சிறு வெளியீடொன்று, சிலர்க்கு மட்டும் நுண்ணறிவு புகட்டுவதை விட்டுப் பலரிடம் அவர்தம் அன்றாடத் துன்பங்களைப் பற்றியே பேசவேண்டும் என்று வாதாடிற்று. பலரிடம் பேசவேண்டுமானால் பலர் பேசும் மொழியிலேதான் பேசவேண்டும். ஆகவே ருஷ்ய மொழியில் சிந்தித்துப் பழகிய அந்த இளைஞர்கள், வேறு வழியின்றி யித்திஷ் பக்கம் திரும்பினர். 1895-இல் வில்னாவில் ஒரு குழு அமைந்தது. தொழிலாளரிடையே யித்திஷ் நூல்களைப் பரப்புவதும் அவர்களுக்கு நூலகங்கள் ஏற்படுத்துவதும் அதன் வேலை. அதன் பெயரோ 'ஜார்கன் குழு'! இகழ்ச்சிப் பெயரையே கூச்சமின்றிச் சூட்டிக்கொண்டனர். மற்றொன்றும் இங்கே கூறத்தக்கது. மேலே சொன்ன மார்ட்டாவ், ஒடெஸ்ஸாவில் யித்திஷ் இதழைத் தொடங்கிய அதே ட்ஸெடர்பாமின் பேரர் ஆவார்.

1897-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வில்னா நகரில் ஒரு வீட்டில் பதின்மூன்று பேர் இரகசியமாகக் கூடினர். 'யூதத் தொழிலாளர் பொதுச் சங்கம்' அங்கே பிறந்தது. 'சங்கம்' என்னும் பொருளுடைய 'புண்ட்' என்ற சொல்லே அதற்குப் பெயராக நிலைத்தது. கருத்தூன்றிப் பாருங்கள்: சங்கம் தோன்றுமுன்பே ஏடுகள் தோன்றிவிட்டன. 'யூதத் தொழிலாளி' என்ற இதழ் 1896-இலேயே வெளிநாட்டில் அச்சாகி வந்தது. 'தொழிலாளர் குரல்' என்ற இதழ் 1897 கோடையில் ருஷ்யாவுக்குள்ளேயே இரகசியமாக அச்சாயிற்று. சங்கம் பிறந்ததும் அதன் தலைமை ஏடாயிற்று.

அக்காலத்தில் இரகசிய அச்சுக்கூடம் நடத்துவது எத்தகைய செயல் என்பதைச் சற்றே எண்ணுங்கள். ஈய எழுத்துகளைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். அச்சுப் பொறியின் ஓசை அண்டை வீட்டுக்குக் கேட்கலாகாது. தாளை மொத்தமாக வாங்கினாலே ஐயம் எழும். அச்சான இதழை ஊர் ஊராகக் கொண்டு செல்வோர் பிடிபட்டால் சிறை, பின்னர் சைபீரியா. 1898-ஆம் ஆண்டு கோடையில் போலீசார் பொப்ருய்ஸ்க் என்ற ஊரிலிருந்த புண்டின் அச்சுக்கூடத்தைக் கைப்பற்றினர். தலைவர்கள் பலரும் சிறைப்பட்டனர். அச்சுக்கூடம் போயிற்றே என்று இயக்கம் ஓய்ந்துவிடவில்லை. மீண்டும் எழுத்துகளைச் சேர்த்து, மீண்டும் இதழை வெளியிட்டது. வெளிநாடுகளில் மெல்லிய தாளில் அச்சிட்ட வெளியீடுகளும் எல்லை கடந்து வந்தவண்ணம் இருந்தன.

சட்டத்தின் சந்துகளில் நுழைந்து பணியாற்றியவரும் உண்டு. வார்சா நகரின் பெரும் எழுத்தாளர் பெரெட்ஸ், 1894 முதல் 'பண்டிகைத் தாள்கள்' என்ற சிறு வெளியீடுகளைக் கொணர்ந்தார். பருவ இதழ் நடத்த இசைவு கிடைக்காது. ஆகவே ஒவ்வொன்றையும் ஒரு யூதப் பண்டிகையை ஒட்டிய தனி வெளியீடுபோல் அச்சிட்டார். மேலே பண்டிகைப் பெயர். உள்ளே ஏழையின் வாழ்வைப் பற்றிய கதையும் கட்டுரையும். தொழிலாளர் குழுக்கள் அவற்றை ஆர்வத்தோடு படித்தன. 1899-இல், தடைசெய்யப்பட்ட தொழிலாளர் கூட்டமொன்றில் கலந்துகொண்டமைக்காகப் பெரெட்ஸ் சிறைவாசமும் ஏற்றார்.

இதே காலத்தில் இலட்சக்கணக்கான யூதர்கள் வறுமைக்கும் கலவரங்களுக்கும் அஞ்சி மேற்கு நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் சென்றவிடமெல்லாம் யித்திஷ் அச்செழுத்தும் உடன் சென்றது. லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், காற்றோட்டமற்ற தையற்கூடங்களில் அவர்கள் உழைத்தனர். அங்கே மாரிஸ் வின்செவ்ஸ்கி என்ற கவிஞர் 1885-இல் 'தொழிலாளர் தோழன்' என்ற இதழைத் தொடங்கினார். 1898-இல் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் ருடால்ஃப் ராக்கர். இவர் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பிறந்தவர், நூற்கட்டுத் தொழிலாளி, பிறப்பால் யூதரல்லர். லண்டன் தையற்காரரிடையே வாழ்ந்து, அவர்கள் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே ஆசிரியரானார். 1900-இல் 'ஜெர்மினல்' என்ற இலக்கிய இதழையும் தொடங்கினார். 1912-இல் கிழக்கு லண்டன் தையற்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டபோது, 'தொழிலாளர் தோழன்' அவர்களுக்கு நாள்தோறும் துணைநின்றது.

இனி, கடல் கடந்து நியூயார்க்குக்குச் செல்வோம். அந்நகரில் 'சுதந்திரத் தொழிலாளர் குரல்' 1890-இலும், 'எதிர்காலம்' என்ற மாத இதழ் 1892-இலும் தோன்றின. 1897 ஏப்ரலில் தோன்றிய 'ஃபோர்வெர்ட்ஸ்' நாளேடு இவை அனைத்தையும் விஞ்சி வளர்ந்தது. 'முன்னேறு' என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அதனை நடத்தியவர் ஆப்ரகாம் கஹான். 1912-இல் அந்த ஏடு பத்து மாடிக் கட்டடமொன்றை எழுப்பிற்று. அதன் முகப்பில் மார்க்ஸ், எங்கெல்ஸ் முதலியோரின் உருவங்களைப் பொறித்தது. 1920-களில் நாள்தோறும் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

அவ்வேட்டில் என்ன இருந்தது? தொழிற்சங்கச் செய்தி இருந்தது. சமதர்ம விளக்கம் இருந்தது. அவற்றோடு, 1906 முதல் 'கடிதக் கட்டு' என்ற பகுதியும் இருந்தது. நாடுவிட்டு வந்த உழைப்பாளிகள், வேலையின்மை, குடும்பப் பிளவு, காதல், மதம் மாறிய திருமணம் என்று தம் மனத்துயர்களை எழுதுவர்; ஆசிரியர் விடை தருவார். 1909-இல் பேஸ்பால் ஆட்டத்தின் விதிகளைப் படம் போட்டு விளக்கிய கட்டுரையும் வந்தது. மகன் தெருவில் என்ன விளையாடுகிறான் என்பது தந்தைக்கு விளங்க வேண்டுமல்லவா? அதே 1909 நவம்பரில், கிளாரா லெம்லிக் என்ற இளம் பெண் தொழிலாளி பெருங்கூட்டமொன்றில் யித்திஷில் எழுந்து பேசி, வேலைநிறுத்தத் தீர்மானத்தை முன்மொழிந்தார். சட்டை தைக்கும் பெண்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வேலையை விட்டு வெளியேறினர். அன்று அவர் தாய்மொழியிலன்றி வேறு மொழியில் பேசியிருந்தால் அக்கூட்டம் அவ்வளவு விரைவில் எழுந்திருக்குமா என்பது ஐயமே.

இங்கே நியாயமான ஒரு வழக்கு எழுகிறது. கஹான் தம் ஏட்டை மிக எளிய நடையில் நடத்தினார். அமெரிக்கத் தெருவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களையும் தள்ளவில்லை. மொழியின் தரம் தாழ்கிறது என்று இலக்கியவாணர் கடிந்தனர். அதற்கு மாறாக, தொடக்ககாலத் தொழிலாளர் ஏடுகள் பலவற்றின் நடை ஜெர்மன் சொற்களை மிகுதியாகக் கடன் வாங்கி, படிப்போர்க்குக் கடினமாயிருந்தது. மொழியை வாசகனிடம் இறக்கிக்கொண்டு வருவதா, வாசகனை மொழியின் மேற்படிக்கு ஏற்றுவதா? என் கருத்தில் இரண்டும் வேண்டும். ஆனால் முறை மாறலாகாது. எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கு முதலில் வேண்டுவது 'இது எனக்காக எழுதப்பட்டது' என்ற நம்பிக்கை. அந்நம்பிக்கை பிறந்தபின் அவனே மேற்படி எங்கே என்று கேட்பான். யித்திஷ் வாசகர்கள் அவ்வாறே கேட்டனர். 'தொழிலாளர் வட்டம்' என்ற அமெரிக்க உதவிச் சங்கம் சொற்பொழிவுகளும் பள்ளிகளும் நடத்தி, அறிவு நூல்களையும் வெளியிட்டது. ஃபோர்வெர்ட்ஸ் ஏட்டிலேயே தொடர்கதைகள் எழுதிவந்த ஐசக் பஷெவிஸ் சிங்கர் 1978-இல் நோபெல் பரிசு பெற்றார்.

வானொலி வழியே பேசும் நான் மற்றொரு செய்தியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1927-இல் நியூயார்க்கில் அமெரிக்கச் சமதர்மக் கட்சியினர் தம் தலைவர் யூஜின் விக்டர் டெப்ஸின் நினைவாக ஒரு வானொலி நிலையத்தை நிறுவினர். 1932-இல் ஃபோர்வெர்ட்ஸ் அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. அச்சில் படித்த மொழியை உழைப்பாளர் குடும்பங்கள் காற்றிலும் கேட்டன.

ஐரோப்பாவில் நிகழ்ந்ததை இனிக் காண்போம். 1908-இல் செர்னோவிட்ஸ் நகரில் யித்திஷ் மொழிக்கென ஒரு மாநாடு கூடியது. யூத மக்களின் தேசிய மொழி யித்திஷ் ஒன்றே என்று வாதாடியோருள் புண்டைச் சேர்ந்த எஸ்தர் ஃப்ரும்கின் என்ற அம்மையாரும் ஒருவர். நெடிய வாதத்தின் பின், யித்திஷும் ஒரு தேசிய மொழி என்று மாநாடு முடிவு கூறிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், தொழிலாளரை அணுகுவதற்குரிய ஒரு படிக்கட்டாகவே புண்டின் முன்னோடிகள் யித்திஷை எடுத்துக்கொண்டனர். படிக்கட்டே இப்போது குடியிருக்கும் வீடாகிவிட்டது! புண்டின் தலைவருள் ஒருவரான விளாடிமிர் மேடெம், குழந்தைப் பருவத்திலேயே கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்று, ருஷ்ய மொழியில் வளர்ந்தவர். அவரும் வளர்ந்த பின்னரே யித்திஷைக் கற்று, தம் வாழ்க்கை வரலாற்றை அம்மொழியிலேயே எழுதினார்.

முதல் உலகப் போருக்குப் பின் போலந்து நாடு விடுதலை பெற்றது. வார்சாவில் புண்டின் 'மக்கள் நாளேடு' அரசின் பறிமுதல்களுக்கு இடையிலும் 1939 வரை வெளிவந்தது. புண்டின் ஆதரவாளரான போரிஸ் கிளெட்ஸ்கின் நிறுவிய பதிப்பகம், நல்ல தாளில், பிழையற்ற அச்சில் யித்திஷ் நூல்களை வெளியிட்டது. 1921-இல் யித்திஷ் வழியே பாடம் கற்பிக்கும் பள்ளிகளின் அமைப்பு உருவாயிற்று. பள்ளி என்றால் பாடநூல் வேண்டும். பாடநூல் என்றால் கணக்குக்கும் தாவரநூலுக்கும் கலைச்சொல் வேண்டும். 1925-இல் வில்னாவில் யித்திஷ் ஆராய்ச்சிக் கழகம் தோன்றி, 1937-இல் எழுத்துமுறைக்கு ஓர் ஒழுங்கும் வகுத்தது. அடுப்பங்கரை மொழி ஆராய்ச்சி மொழியாயிற்று.

நண்பர்களே, இதன்பின் வருவது துயரக் கதை. 1939 செப்டம்பரில் நாஜிப் படை போலந்தினுள் புகுந்தது. வார்சாவின் யூதர்கள் மதிலுக்குள் அடைக்கப்பட்டனர். அங்கேயும் புண்டும் பிற கட்சிகளும் கைப்பொறியில் படியெடுத்து இரகசிய ஏடுகளை வெளியிட்டன. 1942 ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, ஜெர்மானியர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை வீடு வீடாகச் சென்று சுட்டுக் கொன்றனர். அவர்களுள் இரகசிய ஏடுகளோடு தொடர்புடையோரும் இருந்தனர்.

ஹெர்மன் குருக் என்ற நூலகரைப் பற்றியும் நீங்கள் அறியவேண்டும். அவர் புண்ட் ஊழியர். வார்சாவில் தொழிலாளர் நூலகமொன்றை நடத்தியவர். போரின்போது வில்னாவுக்கு ஓடிவந்தவர். 1941 செப்டம்பரில் வில்னா யூதர்கள் அடைப்புக்குள் தள்ளப்பட்டவுடன், அங்கிருந்த நூலகத்தைத் திறந்து நூல் வழங்கலானார். வெளியே ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டு வந்த காலம் அது. 1942 டிசம்பரில் அந்நூலகம் தன் நூறாயிரமாவது நூலை வாசகர்க்கு வழங்கியதைச் சிறு விழா எடுத்துக் கொண்டாடினர். பின்னர் அவர் எஸ்தோனியாவிலுள்ள முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1944 செப்டம்பரில், தாம் கொல்லப்படுவதற்கு முதல் நாள், தம் நாட்குறிப்பைச் சாட்சிகள் முன்னிலையில் மண்ணில் புதைத்தார். உயிர் தப்பிய ஒருவர் அதனைத் தோண்டி எடுத்தார். வில்னாவில் அவர் எழுதிய குறிப்புகள் 1961-இல் யித்திஷ் மொழியிலேயே நூலாக வெளிவந்தன.

போருக்கு முன் உலகில் யித்திஷ் பேசியோர் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் பேர். கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதருள் பெரும்பாலோர் அம்மொழி பேசியவரே. சோவியத் நாட்டிலும் யித்திஷ் எழுத்தாளர்களுக்குக் கேடு நேர்ந்தது. 1952 ஆகஸ்டு 12 அன்று மாஸ்கோவில் பெர்கெல்ஸன், மார்க்கிஷ் முதலியோர் கொல்லப்பட்டனர். அமெரிக்காவிலோ கொலையில்லை, ஆனால் 1924-ஆம் ஆண்டுச் சட்டம் புதியவர் வருகையைத் தடுத்தது, பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் கற்றுத் தந்தையின் ஏட்டைப் படிக்க இயலாதவர் ஆயினர். 'சுதந்திரத் தொழிலாளர் குரல்' 1977-இல் நின்றது. ஃபோர்வெர்ட்ஸ் 1983-இல் வார ஏடாகி, 2019-இல் தாளில் அச்சிடுவதை நிறுத்தி, இணையத்தில் மட்டும் வெளிவரலாயிற்று. வீட்டு மொழியாக யித்திஷ் இன்று பெரும்பாலும் சமய ஒழுக்கம் மிக்க ஹஸீதிய யூதரிடையே வாழ்கிறது; தொழிலாளர் ஏடுகளைப் படித்த அந்த வாசகக் கூட்டம் இன்று இல்லை.

நூல்கள் என்னவாயின? 1980-இல் ஏரன் லான்ஸ்கி என்ற அமெரிக்க மாணவர், படிப்பாரற்றுக் குப்பைக்குப் போகவிருந்த யித்திஷ் நூல்களைத் திரட்டும் பணியைத் தொடங்கினார். எழுபதாயிரம் நூல்களே எஞ்சியிருக்கும் என்பது அறிஞர் கணிப்பு. அவர் நிறுவிய நூல் நிலையம் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நூல்களைத் திரட்டிவிட்டது. அவை வந்தவை அரண்மனைகளிலிருந்தல்ல. முதியோர் குடியிருந்த சிறு வீடுகளிலிருந்தும் சங்கக் கட்டடங்களின் நிலவறைகளிலிருந்தும். கணிப்பு தவறியதன் காரணம் எளியது. உழைப்பாளியின் வீட்டில் இத்துணை நூல்கள் இருக்கும் என்று எவரும் எண்ணவில்லை.

மாணவ நண்பர்களே, கற்றவரின் கடமை எது என்பதற்கு இவ்வரலாறு தரும் விடையை நீங்கள் சிந்திக்க வேண்டும். வில்னாவின் இளைஞர்கள் தாம் கற்ற மொழியை விட்டு, தம் மக்கள் பேசிய மொழிக்கு இறங்கி வந்தனர் என்று சிலர் சொல்வர். இறங்கி வந்தனர் என்று நான் சொல்லமாட்டேன். தம் அறிவைப் பிறர்க்கு விளங்கச் சொல்ல முயன்றபோதுதான், தாம் அறிந்தது எவ்வளவு என்பது அவர்களுக்கே விளங்கிற்று. நீங்கள் ஆய்வுக்கூடத்திலும் நூலகத்திலும் கற்பதை உங்கள் தெருவில் உழைப்பவர் ஒருவர்க்கு, அவர் வீட்டில் பேசும் சொற்களால் ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் நா தடுமாறுகிறதோ, அந்தப் பாடத்தை மீண்டும் படியுங்கள்.